குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தேர்தல் முடிந்த அன்று அதிகாரி அதை மைக்கில் படித்தபோது, அவளுக்கே ஓட்டுப் போட்டவர்கள் பக்கத்தில் நின்றவரிடம் "யாருப்பா அது?" என்று கேட்டார்கள். "நம்ம ஏன் அக்காதான்" என்று யாரோ சொன்ன பிறகுதான் கைதட்டல் கிளம்பியது.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மிஷின், ஒரு வெட்டும் மேசை, துணி மாட்ட ஒரு கம்பி, இவ்வளவுதான் அவள் கடை. பேன்ட்டின் இடுப்பைப் பெரிசாக்க வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால், அளவெடுக்கும் முன்னால் "ஏன், திடீர்னு சதை போட்டீங்க?" என்பாள். சட்டைக் கையைக் குறைக்கச் சொன்னால், "ஏன், இது உங்க சட்டையா, உங்க அண்ணன் சட்டையா?" என்பாள். வம்புக்குக் கேட்பதில்லை. பதில் தெரியாவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது, அவ்வளவுதான். ஊசியை ஒரு கையிலும் நூலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வந்தவர் முகத்தையே பார்ப்பாள். துணி கொடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் கதையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு சமயம் அவள் தெரு விளக்குகள் பகலெல்லாம் எரிந்து, இருட்டியதும் அணைந்துகொண்டிருந்தன. அப்போதைய வார்டு உறுப்பினரைக் கண்ட இடத்திலெல்லாம் ஏன் என்று கேட்டாள். அவர் பால் வாங்க வந்தால் கேட்டாள். முடிவெட்டும் கடையில் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தபோது, எதிர்க் கண்ணாடி வழியாகக் கேட்டாள். மனிதருக்குப் பொறுமை போய்விட்டது. "இவ்வளவு கேக்கறீங்களே, நீங்களே வந்து அந்த நாற்காலியில உக்காந்து பாருங்களேன்!" என்று கத்திவிட்டார். அவளுக்கு அது வசவாகப் படவில்லை, நல்ல யோசனையாகப் பட்டது. அடுத்த தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள். உள்ளே போன முதல் வாரமே, விளக்குக்கு நேரம் வைக்கும் கருவியைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள் என்று கண்டுபிடித்தும் விட்டாள்.

நகரமன்றத்தில் அவளை இரண்டு குழுக்களில் போட்டார்கள். சாலைக் குழு, கட்டடக் குழு எல்லாம் பெரிய கைகளுக்குப் போய்விட்டன. மிஞ்சியது பூங்காக் குழுவும் நீர்க் குழுவும். பூங்கா என்றால் பூச்செடிதானே, பெண்களுக்குப் பொருத்தம் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். நீர்க் குழுவுக்கு எப்போதுமே ஆள் கிடைக்காது, அதனால் இன்னொன்றையும் தலையில் கட்டினார்கள்.

பூங்காக் குழு செவ்வாய்க்கிழமை கூடும். நீர்க் குழு வியாழக்கிழமை கூடும். இரண்டும் ஒரே அறை. அதே நீள மேசை, கால் ஆடும் அதே நாற்காலிகள், அதே டீ. ஆட்களும் ஏறக்குறைய அவர்களேதான். ஆனால் அந்த மன்றத்தில் ஒரு விதி உண்டு. ஒரு குழுவின் விஷயத்தை இன்னொரு குழுவில் பேசக் கூடாது. எந்தக் காலத்துச் சண்டையைத் தீர்க்க யார் போட்ட விதியோ தெரியாது, அதை எல்லோரும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை யாராவது குழாய் என்று வாயைத் திறந்தால், "அது வியாழக்கிழமை விஷயம்" என்பார் தலைவர். வியாழக்கிழமை யாராவது செடி என்றால் தலைவரின் விரல் வாய்க்குப் போகும். ஏன் அக்கா முதல் கூட்டத்திலேயே "ஏன்?" என்று கேட்டாள். "அப்படித்தாம்மா" என்றார் தலைவர். அவர் கெட்டவர் இல்லை. மருந்துக்கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு மாத்திரையும் அதனதன் டப்பாவில் இருக்க வேண்டும் என்று பழகியவர்.

இனி குளத்துக்கு வருவோம். நகரத்தின் நடுவில் இருந்த பூங்காவில் ஒரு குளம். சுற்றிலும் இரும்பு பெஞ்சுகள், ஒரு சிவப்புச் சறுக்குமரம், ஒரு கிளை மட்டும் முழங்கை போல மடங்கிய பெரிய மரம், எப்போதும் பசியோடிருக்கும் சில வாத்துகள். அவளுக்கு அந்தக் குளத்தோடு ஒரு பழைய கணக்கு உண்டு. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தது அவள்தான். அவள் தைத்த முதல் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் வாத்தைப் பிடிக்கக் குனிந்து, தலைகுப்புறக் குளத்தில் விழுந்தான். அவள் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். "காலர் மட்டும் பிரிஞ்சிருந்தா தம்பி போயிருப்பான். தையல் அப்படி!" என்று இன்றைக்கும் புது வாடிக்கையாளர்களிடம் சொல்வாள்.

அந்தத் தம்பி இப்போது தண்ணீர் லாரிக்காரன். சொந்த லாரி. லாரியின் கதவில் கையை வைத்தால் அவனுக்குத் தன் தோளைத் தொட்ட மாதிரி இருக்கும். நகரமன்றத்துக்குத் தண்ணீர் அடிக்கும் வேலை முறைப்படிதான் அவனுக்குக் கிடைத்தது. அவள் அதில் வாயே திறக்கவில்லை, அன்றைக்கு அறையை விட்டே வெளியே போய்விட்டாள். மதியம் லாரியைப் பூங்கா வாசலில் நிறுத்திவிட்டு அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடுவது அவன் வழக்கம். அவள் கேட்பாள், அவன் பதில் சொல்வான். சிறு வயதிலிருந்து அதுதான் அவர்களுக்குள் பேச்சு. அவன் பொய் சொல்ல மாட்டான். சொன்னாலும் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வான் என்பதால் அந்தப் பழக்கமே வரவில்லை.

இரண்டு கோடைக்கு முன்னால் குளம் கொஞ்சம் வற்றியது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவது என்று முடிவானது. எல்லோரும் கை தூக்கினார்கள், அவளும் தூக்கினாள். லாரி தூரத்து ஆற்று நீரேற்று நிலையத்துக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தது. அடுத்த வருஷம் வியாழக்கிழமைக் கூட்டத்தில், ஆற்றில் தண்ணீர் எடுப்பதைக் குறைக்க வேண்டும், டீசலும் மிச்சமாகும் என்று, நகரமன்றத்தின் வண்டிக் கொட்டடியிலேயே ஒரு ஆழ்துளைப் போர் போட்டு லாரியை அங்கே நிரப்புவது என்று முடிவானது. அதற்கும் எல்லோரும் கை தூக்கினார்கள். அவளும் சந்தோஷமாகத் தூக்கினாள். தம்பிக்கு அலைச்சல் மிச்சம் என்று அன்றைக்கு மனசுக்குள் கைகூடத் தட்டினாள்.

அதற்குப் பிறகு குளம் வேகமாக இறங்க ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமைக்காரர்கள் லாரி நடையைக் கூட்டினார்கள். குளம் இன்னும் இறங்கியது. மறுபடியும் கூட்டினார்கள். ஊற்ற ஊற்ற வற்றுகிற குளத்தைப் பார்த்துத் தலைவரே ஒருநாள் கரையில் வந்து நின்று, "ஓட்டைப் பானைல ஊத்தற மாதிரி இருக்கே" என்றார். பெஞ்சுக்கு அடி வரை நின்ற தண்ணீர் நடுவில் ஒரு தட்டுப் போலச் சுருங்கிவிட்டது. வாத்துகள் நீந்துவதை விட்டு நடக்கப் பழகிக்கொண்டன. கடைசியில் பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் தயாரானது. குளத்தை மண் போட்டு மூடி, அந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடம் அமைப்பது. சந்தைக்கு வருகிறவர்களுக்கு வண்டி விட இடமில்லை என்பதும் நிஜம். அதனால் யாருக்கும் மனசாட்சி உறுத்தவில்லை.

ஏன் அக்காவுக்கு உறுத்தியது வேறு. மூடுவது பிறகு இருக்கட்டும், தண்ணீர் எங்கே போகிறது? பூங்காத் தோட்டக்காரரிடம் கேட்டாள். "வெயில் குடிக்குது" என்றார். பக்கத்துப் பெஞ்சுக்காரரிடம் கேட்டாள். "பூமி குடிக்குது" என்றார். கணவரிடம் கேட்டாள். அவர் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரர். நாளெல்லாம் பெரிய பாத்திரங்களின் சத்தத்தில் நிற்பவர் என்பதால் வீட்டில் வார்த்தையைச் சில்லறை மாதிரி எண்ணித்தான் செலவு செய்வார்.

"அடுப்ப அணைச்சாதான் பாத்திரம் ஒழுகுதான்னு தெரியும்" என்றார்.

"ஏன்?"

"கொதிக்கும்போது எல்லாமே ஆவிதான்." அதோடு திரும்பிப் படுத்துவிட்டார்.

அவள் ஒரு பழைய அளவு நாடாவை ஒரு கம்பில் ஆணியடித்துக் குளத்து நடுவில் நட்டு வைத்தாள். காலையில் கடை திறக்கும் முன் ஒருமுறை, மூடிய பிறகு ஒருமுறை வந்து பார்ப்பாள். நடைப்பயிற்சிக்காரர்கள் சிரித்தார்கள். "குளத்துக்குப் பாவாடை தைக்கப் போறீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "இடுப்பு இளைச்சுக்கிட்டே போகுது, அதான் அளவு பாக்கறேன்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பியின் லாரிக்கு கியர்பாக்ஸ் போனது. மெக்கானிக் அதைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பாகம் வரட்டும் என்றான். லாரி ஓடாத முதல் நாள் அவள் கவலையோடு போய்க் கம்பைப் பார்த்தாள். அடுத்த நாளும் பார்த்தாள். வாரம் முடிவதற்குள் அவளுக்கு ராத்திரித் தூக்கமே போய்விட்டது. தண்ணீர் ஊற்றாத அந்த நாட்களில்தான் குளம் இறங்காமல் இருந்தது. சுட்டெரிக்கும் வெயில், ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் நாடாவில் தண்ணீர் மட்டம் அசைந்ததாகவே தெரியவில்லை. லாரி சரியாகித் திரும்பவும் ஊற்ற ஆரம்பித்தது. குளம் திரும்பவும் இறங்க ஆரம்பித்தது.

ஊற்றினால் குறைகிறது, ஊற்றாவிட்டால் நிற்கிறது. இப்படி ஒரு கணக்கை அவள் எந்தத் துணியிலும் பார்த்ததில்லை. அன்று மூன்று சட்டைகளுக்குப் பொத்தானை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் சாப்பாடு முடிந்ததும் அவள் டிபன் டப்பாவோடு லாரியில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கக்கா?" என்றான் தம்பி.

"நீ போற எடத்துக்கு."

"கொட்டடிக்குத்தான் போறேன். அங்க பாக்க என்ன இருக்கு?"

"பாக்க ஒண்ணும் இல்லேன்னா நான் பாத்தா என்ன?"

அவன் வண்டியை எடுத்தான். அவன் இப்படி வாயடைத்துப் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. லாரி பூங்காவின் முன்வாசலிலிருந்து கிளம்பி, ஒருவழிப் பாதை என்பதால் இடப்பக்கம் திரும்பி, சந்தையைச் சுற்றி, பேருந்து நிலையத்தின் பின்னால் நெரிசலில் கொஞ்ச நேரம் நின்று, பள்ளிக்கூடத் தெரு, மரக்கடைத் தெரு என்று வளைந்து வளைந்து கடைசியில் ஒரு பெரிய இரும்பு கேட்டுக்குள் நுழைந்தது. உடைந்த குப்பை வண்டிகள், பழைய டயர்கள், ஒரு மோட்டார் அறை, அதன் பக்கத்தில் போர்க் குழாய். தம்பி இறங்கி ரப்பர் குழாயை மாட்டி மோட்டாரைப் போட்டான்.

அவளும் இறங்கி ஒரு டயரின் மேல் உட்கார்ந்தாள். தண்ணீர் லாரிக்குள் விழும் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. வாத்துகள் கத்தும் சத்தம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொட்டடியின் பின்சுவருக்கு மேலே ஒரு மரத்தின் கிளை முழங்கை போல மடங்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சறுக்குமரத்தின் சிவப்பு உச்சி தெரிந்தது.

அவள் டயரின் மேல் ஏறி நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நேர் கீழே குளம். அவள் நட்ட கம்பு. அதில் அவள் நாடா. இத்தனை வருஷமாக அந்தச் சுவரைப் பூங்காப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள், அந்தப் பக்கம் என்ன என்று அவளே ஒருநாளும் கேட்கவில்லை. ஊரைக் கேள்வி கேட்டவளுக்கு அந்த வெட்கம் தாங்கவில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறோம் என்பது அப்போதே புரிந்துவிட்டது. மோட்டார் மண்ணுக்கடியிலிருந்து குளத்தை உறிஞ்சுகிறது, லாரி அதை ஊரெல்லாம் சுற்றிக்காட்டி, வழியெல்லாம் சிந்தி, மிச்சத்தைக் கொண்டுவந்து குளத்திலேயே ஊற்றுகிறது.

"டேய்" என்றாள் திரும்பாமலே. "உனக்குத் தெரியுமா?"

தம்பி மோட்டாரை நிறுத்தினான். வாத்துச் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது.

"போன மாசம் தெரிஞ்சுது" என்றான். "குழாய்ல ஒரு நாள் பாசி வந்துச்சு. குளத்துப் பாசி வாசனை எனக்குத் தெரியாதா? அதைக் குடிச்சவன் நான்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"யாரும் கேக்கலக்கா." அவன் லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "கொட்டடியில எடுன்னாங்க, எடுத்தேன். குளத்துல ஊத்துன்னாங்க, ஊத்தினேன். இந்த ஒரு வேலைய நம்பித்தான் வண்டி நிக்குது. இது போனா வண்டிய விக்கணும்."

அவள் டயரிலிருந்து இறங்கினாள்.

"பொதுக்கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க, நடைக் கணக்கு சொல்றதுக்கு. அங்க நீ மட்டும் என்னைக் கேட்டுடாதக்கா. வேற யார் கேட்டாலும் சமாளிச்சுடுவேன். நீ கேட்டா எனக்குப் பொய் வராது. அதனால கேக்காத."

அவன் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டவன் இல்லை. குளத்தை மூடிவிட்டால் பிறகு நகரத்தின் மற்ற பூங்காக்களுக்கும் மரங்களுக்கும் அதே போரிலிருந்து தண்ணீர் அடிக்கும் வேலை அவனுக்கே வரும். குளம் பிழைத்தால் போர் நிற்கும், ஆற்றிலும் இனி எடுக்க விடமாட்டார்கள், போர் நின்றால் லாரி நிற்கும். ஒன்று குளம், இல்லையென்றால் தம்பி. கேள்வியே தொழிலாக இருந்தவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக மாட்டியது.

கூட்டத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் பயந்துபோனார்கள். ஏன் அக்கா எதுவும் கேட்கவில்லை. ஒருவர் வேண்டுமென்றே, "பேன்ட்டு இடுப்பக் குறைங்க" என்று சொல்லிவிட்டு ஆசையாகக் காத்திருந்தார். அவள் அளவெடுத்து, "நாளன்னிக்கு வாங்க" என்றாள். அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம், "அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்ல போல" என்று சொன்னாராம். ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டினாள். கணவர் அந்த இரண்டு கைகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கேட்டா தம்பி போவான், கேக்கலேன்னா குளம் போகும். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

அவர் அந்தக் கைகளை மேசையில் வைத்தார். "நீ கேக்காம இருந்து நான் பாத்ததில்ல. பாக்கவே நல்லா இல்ல" என்றார். அவருக்கு அது பெரிய சொற்பொழிவு.

பொதுக்கூட்டம் நீள மேசை அறையில் இல்லாமல் பெரிய கூடத்தில் நடந்தது. அங்கே எல்லாக் குழுக்களின் விஷயத்தையும் பேசலாம். பார்க்க வந்தவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். தம்பி தூணுக்குப் பக்கத்தில், கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் ஒருமுறை பார்த்தாள், அவன் பார்க்கவில்லை.

தலைவர் தீர்மானத்தைப் படித்தார். ஏன் அக்கா எழுந்து, ஒரு மழைக்காலம் வரை தள்ளிப்போடலாமே என்று சுற்றி வளைத்துப் பார்த்தாள். "காரணம் சொல்லுங்கம்மா" என்றார் தலைவர். நியாயமான கேள்விதான். கேட்கிற பக்கமே நின்று பழகியவளுக்குப் பதில் சொல்லும் பக்கம் எவ்வளவு குறுகலானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பியைக் கூப்பிட்டார்கள். நடை எப்படி என்று தலைவர் கேட்டார். "குறைவில்லாம போகுதுங்க" என்றான். நிறைய ஊற்றியும் நிற்கவில்லையா என்று இன்னொருவர் கேட்டார். "நிக்கலீங்க" என்றான். இரண்டும் உண்மை. "அப்போ ஓட்டுக்கு விடலாம். சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் தலைவர். டீ வரும் வாசனை அடித்தது, கைகள் ஒவ்வொன்றாக மேலே போக ஆரம்பித்தன.

அவளே எழுந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம். சுவர் ஏறி எட்டிப் பார்த்த கதையைச் சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால், அந்த நிமிஷமே தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் தெரிந்தும் மறைத்தவன் ஆகிவிடுவான். கூடமே திரும்பி அவனைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கும். லாரி எப்படியும் போகும், அதோடு பெயரும் போகும். கேட்டால் கதை வேறு. கேட்டால் அவன் சொல்வான். சொன்னவன் சொன்னவன்தான், மறைத்தவன் ஆக மாட்டான். லாரியைக் காப்பாற்றத் தன்னால் முடியாது, தம்பியைக் காப்பாற்ற முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்தாள்.

"ஓட்டுக்கு முன்னாடி லாரிக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி."

தூக்கிய கைகள் பாதியில் நின்றன. தம்பி அவளைப் பார்த்தான். குளத்திலிருந்து இழுத்துப் போட்டபோது கரையில் கிடந்து பார்த்தானே, அதே பார்வை.

"குளத்துக்குத் தண்ணி எங்கேருந்துப்பா வருது?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள், இது ஒரு கேள்வியா என்று. தம்பி தூணில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான்.

"குளத்துலேருந்துதான் வருதுக்கா" என்றான்.

பிறகு அவனே முழுவதும் சொன்னான். கொட்டடிச் சுவர், அந்தப் பக்கம் குளம், குழாயில் வந்த பாசி, கியர்பாக்ஸ் கெட்டு லாரி நின்ற வாரம், போன மாசமே தனக்குத் தெரியும் என்பது வரை, எதையும் விடாமல் சொன்னான். நீர்க் குழுவின் பொறியாளர் ஒரு காகிதத்தை எடுத்து, ஒரு வட்டம், ஒரு கோடு, ஒரு புள்ளி போட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மணல் பூமி, உள்ளாலயே ஊறிடும்" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு சத்தமாக, "போர் போடும்போது சுவர் வரைக்கும்தான் பாத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பூங்கா. அது செவ்வாய்க்கிழமை..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"நானும்தான்" என்றாள் ஏன் அக்கா. "செவ்வாய்க்கிழமையும் இந்தக் கையத்தான் தூக்கினேன், வியாழக்கிழமையும் இதே கையத்தான் தூக்கினேன்." தூக்கியும் காட்டினாள். முதலில் சிரித்தது தலைவர். அப்புறம் கூடமே சிரித்தது. சிரித்து முடித்தபோது யாரும் யாரையும் நேராகப் பார்த்துக்கொள்ளவில்லை.

தீர்மானத்தை மாற்றினார்கள். ஒரு மழைக்காலம் முடியும் வரை போரை மூடுவது, லாரியை நிறுத்துவது, குளத்தைத் தொடாமல் விட்டுப் பார்ப்பது. அதோடு செவ்வாய்க்கிழமையையும் வியாழக்கிழமையையும் மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து உட்கார வைப்பது. எல்லோரும் கை தூக்கினார்கள். அவளும் தூக்கினாள். திரும்பிப் பார்த்தபோது தூணுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

அதன் பிறகு மதியம் பூங்காவில் அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். தம்பி வரவில்லை. லாரியை விற்றுவிட்டான் என்று மெக்கானிக் மூலம் தெரிந்தது. அவன் வீட்டுக்கு இரண்டு தடவை போனாள். தம்பி பெண்டாட்டி, "வெளிய போயிருக்காருக்கா" என்றாள், உள்ளே அவன் இருமுவது கேட்டது. ஏன் பொய் சொல்கிறாய் என்று அவளிடம் கேட்கவில்லை. படியிறங்கி வந்துவிட்டாள். குளம் வெயிலில் இன்னும் கொஞ்சம் இறங்கிப் பிறகு நின்றது. வாத்துகள் நடந்துகொண்டேதான் இருந்தன. நாம் செய்தது சரிதானா என்று அவள் கம்பைப் பார்த்துக் கேட்டாள். கம்பு என்ன சொல்லும்? முதல் மழை பெய்தது, அடுத்ததும் பெய்தது. நாடாவின் எண்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. நடைப்பயிற்சிப் பெரியவர், "இடுப்பு பெருத்துடுச்சே!" என்று கத்தினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இதைச் சொல்ல வேண்டியவனிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் அழுகை.

ஒரு சாயங்காலம் கடையில் குனிந்து பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் ஒரு காக்கித் துணிக்கட்டு வந்து விழுந்தது. நிமிர்ந்தாள். தம்பி நின்றுகொண்டிருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

காக்கி என்றால் என்ன வேலை? எங்கே? எப்போது சேர்ந்தான்? சம்பளம் ஒழுங்காக வருமா? கோபம் போய்விட்டதா, இல்லை, துணி தைக்க மட்டும் வந்தானா? நூறு கேள்வி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வாய்வரை வந்தன. அவள் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, நாடாவை எடுத்து அவன் தோளில் வைத்தாள். கேட்டுத்தான் அவனை இழந்தோம், இனி கேட்காமலே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். தோள் எடுத்தாள், கை எடுத்தாள், மார்பு எடுத்தாள். வாயைத் திறக்கவில்லை.

அவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"என்னக்கா, ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"கேட்டா சொல்லுவியா?"

"நீ கேட்டு நான் எப்ப சொல்லாம இருந்தேன்?"

அவள் நாடாவை அவன் கழுத்துப் பக்கம் கொண்டுபோனாள். அவன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, தானாகவே தலையைக் குனிந்து, கழுத்தளவு எடுக்கத் தோதாக நின்றான்.

"வர்ற வழியில குளத்தப் பாத்தேன்" என்றான். "கரை வரைக்கும் வந்துடுச்சு. காலர மட்டும் கெட்டியா வை."